எம்எல்ஏ வரும்வரை எடை இல்லை

ஆசீர்வாதத்தை எம்எல்ஏ ஆக்கியது அவருடைய இடது முழங்கைதான். கீழ்வேளூர் பக்கம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ரோட்டில் உட்கார்ந்தபோது போலீஸ் அடித்த அடியில் அது நொறுங்கியது. அதன்பிறகு அந்தக் கை நேராக நீளவே இல்லை. மேடையில் கும்பிட்டால்கூடக் கோணிக்கொண்டு நிற்கும். சனம் அதைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவர், கொஞ்சம் நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டு அறுவடை மெஷின் ஓட்டியவர், மாதா கோயில் தெருவில் ஓட்டு வீடு. ஜெயிப்பார் என்று கட்சி அவரை நிறுத்தவில்லை. அந்தத் தொகுதியில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சென்னை அவரைச் சட்டை செய்யவில்லை. சட்டசபையில் பின்வரிசை. எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மந்திரிகளுக்கு அவர் பெயர் நினைவிருக்காது, "வாங்க டெல்டா" என்பார்கள். இவரும் சிரித்து வைப்பார். வீட்டில் மனைவி அமலி சிரிக்கமாட்டாள்.

"ஏங்க, ஊருக்குன்னு எதைத்தான் செஞ்சீங்க?"

ஒன்று செய்தார். தொகுதி நிதியில் சொந்த ஊரின் நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கட்டடமும் சிமெண்டுக் களமும் வாங்கிக் கொடுத்தார். அதுவரை நெல்லை ரோட்டோரம்தான் கொட்டிக்கொண்டிருந்தார்கள். களத்துக்குக் கூரை போடப் பணம் வரவில்லை. ஆனால் சுவரில் பதிக்க அவர் பெயர் வெட்டிய கல் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அறுப்புக்கு அறுப்பு எம்எல்ஏதான் கொள்முதலைத் திறந்துவைக்க வேண்டும். பூசாரி சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எம்எல்ஏ தன் கையால் முதல் மூட்டையைத் தராசில் வைத்தால்தான் எடை ஆரம்பம். எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. ஆனால் எம்எல்ஏ வருமுன் எடை போட்ட பில் கிளார்க் மறுவாரமே வேறு ஊரில் இருப்பார்.

தை பிறந்தது. சம்பா நெல் களத்தில் குவிந்தது. திறப்பு புதன்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் கட்சி ஆசீர்வாதத்தைச் சென்னைக்குக் கூப்பிட்டது. அடுத்த தேர்தலுக்குச் சீட்டு யாருக்கு என்ற பேச்சு. போகாமல் இருக்க முடியுமா? போனார்.

வியாழக்கிழமை காலையில் பில் கிளார்க் செம்மொழி போன் செய்தார்.

"அண்ணே, வானம் கருக்கலா இருக்கு. எடையை ஆரம்பிச்சுடட்டுங்களா? சேர்மன் பரணிதரன் வந்து தொறக்குறேங்குறாரு."

பரணிதரன் ஒன்றியச் சேர்மன். அதே கட்சி, அதே சீட்டுக்கு அலைகிறவர்.

"அவன் யாருய்யா தொறக்க? சனிக்கிழமை நான் வரேன். அதுவரைக்கும் ஒரு மூட்டை தராசுல ஏறக்கூடாது."

"மழை வந்துட்டா, அண்ணே..."

"தையில ஏதுய்யா மழை?"

விவசாயி வாயில் வரக்கூடாத பேச்சு. போன வருஷம் தையில் பெய்தது அவருக்கே தெரியும்.

போன் கை மாறியது. அமிர்தம். குத்தகைக்கு நிலம் எடுத்து ஒண்டியாக விவசாயம் பார்ப்பவள். அவர் முழங்கை உடைந்த மறியலில் அவளும் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, நெல்லு காஞ்சு கலகலன்னு கெடக்கு. இன்னைக்கே எடுத்துருவாங்க. அங்கேருந்தே ஒரு வார்த்தை சொல்லுய்யா."

"ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா. உன் மூட்டையைத்தான் மொத மூட்டையா வெப்பேன்."

"எனக்கு எதுக்குய்யா மொத மூட்டை? மூட்டை போனா போதும்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பரணிதரன் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது கண்ணில் தெரிந்தது. போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை பிடித்த மழை வெள்ளி முழுக்க விடவில்லை. படுதா போட்டு மூடியும் களத்தில் தேங்கிய தண்ணீர் அடிவழியாக ஏறியது. உள்ளே நெல் சூடாகி முளைவிட்டது.

சொன்னபடி சனிக்கிழமை வந்து சேர்ந்தார். புளித்த வாடை ரோடு வரை அடித்தது.

"வழி விடுங்கப்பா, எம்எல்ஏ வாராரு" என்றான் தியாகேசன். அவன் நெல்லும் அங்கேதான் கிடந்தது. "கொஞ்சம் லேட்டாயிடுச்சுங்க. வருண பகவானே வந்து தொறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அமிர்தம் ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

"மொத மூட்டை என்னுதுன்னியே. தூக்கு."

"அக்கா..."

"தூக்குய்யா. ஊரே பாக்கட்டும்."

லோடுமேன் யூனுஸ் ஒருபக்கம் பிடிக்க, கோணல் கையோடு தூக்கித் தராசில் வைத்தார். செம்மொழி ஈரப்பதக் கருவியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை எடுக்க முடியாதுங்கண்ணே. எடுத்தா என் வேலை போயிரும்."

ஆசீர்வாதம் அங்கேயே நின்று அதிகாரிகளுக்குப் போன் போட்டார். மந்திரியின் உதவியாளருக்கும் போட்டார். பார்க்கிறோம், பேசுகிறோம் என்றார்கள். வைத்த மூட்டையை அவரே இறக்கினார். தேங்காயை யாரும் உடைக்கவில்லை.

முளைத்த நெல்லை வாத்து மேய்ப்பவர்கள் வந்து தீவனத்துக்கு அள்ளிப் போனார்கள். குத்தகை அளக்க அமிர்தத்திடம் ஒன்றுமில்லை. நிலத்துக்காரர் வெளிநாட்டில் இருந்தபடி போனிலேயே நிலத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். அவள் திருப்பூரில் இருக்கும் மகளிடம் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்துக்கு ஆசீர்வாதம் தனியாகப் போனார்.

"நிவாரணத்துக்கு எழுதியிருக்கேன்க்கா. வந்துரும்."

"வரும்போது வரட்டும். நீ கொஞ்சம் தள்ளு, பஸ் வருது."

அவ்வளவுதான் பேசினாள். பையைத் தூக்கக்கூட அவரை விடவில்லை.

சீட்டு பரணிதரனுக்குப் போனது. அவரே ஜெயித்தார். அடுத்த தையில் ஊர்க்காரர்கள் புது எம்எல்ஏ வீட்டுக்குப் போய், திறப்பு விழாவுக்கு வர வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தார்கள். செம்மொழி பூட்டைத் திறந்தார், எடையை ஆரம்பித்தார். ஆசீர்வாதம் தன் டிராக்டரோடு வரிசையில் நின்றார். பொழுது சாயுமுன் அவர் நெல் போய்விட்டது. அமிர்தம் பயிர் வைத்த நிலத்திலிருந்து மட்டும் ஒரு மூட்டையும் வரவில்லை. அது தரிசாகக் கிடந்தது.