கெட்டிமேளத்துக்கு ஓர் ஒத்திகை

யோகேஸ்வரிக்குப் புது மெஷின் என்றாலே எரிச்சல். மலேசியாவின் மூவார் ஊரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நாற்காலிகளை ஆட்டிப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொன்னவர். இப்போது அதே ஊரில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையத்தில் உதவியாளர். அங்கே வந்திருந்த மெய்நிகர் கண்ணாடியை மாட்டினால் பஸ், பல் டாக்டர் அறை என்று எதையும் கண்முன் கொண்டுவந்து பிள்ளைகளைப் பழக்கலாம். அதற்கு வீடியோ எடுக்கும் வேலை எப்படியோ இவர் தலையில் விழுந்தது.

பிள்ளையை அங்கே அனுப்பும் கஸ்தூரி கேட்டது கல்யாண வீடியோ. அவளுடைய எட்டு வயது மகள் லோஷினி கெட்டிமேளம் கேட்டால் அலறிக்கொண்டு ஓடுவாள். ஆறு வருடமாகக் கஸ்தூரி எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை. சாப்பாடு காருக்குத்தான் வரும். இரண்டு மாதத்தில் சொந்தத் தங்கை ரூபினிக்குக் கல்யாணம்.

"அதயும் கார்ல உக்காந்துதான் பாக்கணுமாக்கா?"

யோகேஸ்வரி ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு சுற்றிலும் ஒரே நேரத்தில் படமெடுக்கும் உருண்டைக் கேமராவோடு போனார். நம் சனங்களைத்தான் தெரியுமே. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்து, கையும் ஆட்டினார்கள். லோஷினி கண்ணாடியை மாட்டிய வேகத்தில் கழற்றினாள்.

"எல்லாரும் என்னயே பாக்குறாங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அடுத்த கல்யாணத்தில் வீட்டுக்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேமராவைக் கடைசி வரிசையில் வைத்தார். மற்றவர்கள் கேட்டபோது, "அது கெட்டுப் போச்சு லா" என்றார். பிறகு ஒருவரும் அதைச் சீண்டவில்லை. அந்த வீடியோவில் மேளச் சத்தத்தை முதலில் குறைத்து வைத்து, வாரம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். லோஷினி கை தூக்கினால் அன்றைக்கு அத்தோடு சரி.

ரூபினி கல்யாணத்தன்று கஸ்தூரி லோஷினியோடு கதவோரமாக உட்கார்ந்தாள். இடது கையில் மகளின் பை. வலது கையில் கார் சாவி. மஞ்சள் அரிசியையும் அதே கையில் வாங்கி இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் யோகேஸ்வரி லோஷினியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி என்றால் ஆட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கெட்டிமேளம் கொட்டியது. லோஷினி காதைப் பொத்தினாள். தோள் நடுங்கியது. ஆனால் எழவில்லை.

"இப்ப அரிசி போடுவாங்க" என்று அம்மாவிடம் சொன்னாள்.

கஸ்தூரி எழுந்து நின்றாள். தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணாரப் பார்த்தாள். கையை வீசி அரிசியைப் போட்டாள்.

சாவியும் சேர்ந்து பறந்தது. பந்தியில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டு, மோரும் குடித்த பிறகுதான் கஸ்தூரிக்கு அதன் நினைவே வந்தது.