சாவிக்காரர் தாழ்ப்பாள் போடுவதில்லை

குளியலறைக் கதவைச் சாத்தாமல், "ஆள் இருக்கு, ஆள் இருக்கு!" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் குளிப்பார் சாவிக்காரர். போன மாதம் வரை அப்படித்தான். ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு மாட்டிய மனிதருக்குத் தன் வீட்டில் தாழ்ப்பாள் போட மட்டும் கை வராது.

ஆள் வாட்டசாட்டமானவர். காதில் பென்சில், விரலெல்லாம் பித்தளைத் தூள். யாராவது பூட்டைக் கொண்டுவந்தால் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பூட்டா? இருமினாலே தொறந்துக்கும்" என்பார். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த அலட்டல் ரொம்பப் பிடிக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு நகைக்கடையின் பெட்டக அறைக்குள் வேலை பார்த்தபோது கதவு மூடிக்கொண்டது. திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து மூடிய கதவென்றாலே நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். "வெளிய சொல்லிடாதப்பா, தொழில் மானம் போயிரும்" என்று என்னிடம் சிரித்து மழுப்புவார்.

இந்த வருடம் மழுப்ப முடியவில்லை. மனைவிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ், மருத்துவமனையின் பதினொன்றாவது மாடியில். அவர் சக்கர நாற்காலியில் லிஃப்டில் தனியாகப் போவார். இவர் படியேறி மூச்சிரைக்கப் போய்ச் சேர்வார். ஒருநாள் லிஃப்டிலேயே அந்த அம்மாளுக்கு மயக்கம் வந்துவிட்டது. தாங்கிப் பிடிக்க ஆளில்லை. மறுநாளே மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தார் சாவிக்காரர்.

"பயம் வரட்டும் சார், ஓடாம உக்காருங்க. தானா ஏறும், தானா எறங்கும்" என்றார் மருத்துவர். முதலில் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம், பிறகு தாழ் போட்டு, கடைசியில் மனைவி வெளியிலிருந்து பூட்டிய அறைக்குள். இவர் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்தார். பயம் இம்மியும் குறையவில்லை. மருத்துவர் குடைந்து கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. உள்ளிருந்தும் திறக்கக்கூடிய அந்தக் கதவுப் பூட்டுக்கு மாற்றுச் சாவி வெட்டிக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் மனிதர்!

"சாவி கையில இருந்தா நீங்க உள்ள மாட்டவே இல்லியே சார். பயம் எப்படிப் போகும்?" என்று மருத்துவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாவி இல்லாமல் உட்கார்ந்த முதல் நாள் சட்டை நனைந்து வெளியே வந்தார். பத்தாவது நாள் உள்ளே கொட்டாவி விட்டதாகப் பீற்றிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நேற்று மருத்துவமனைக்கு நானும் போனேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தார். முகம் வெளுத்துத்தான் இருந்தது.

"நீங்க படியில வாங்களேன். நான் போய்க்கிறேன்" என்றார் மனைவி.

"சும்மா இரு. பயமா இருந்தா இருக்கட்டும். கூட வர்றேன்ல?"

ஒரு கையால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி, கதவு மூடும் பட்டனைத் தானே அழுத்தினார்.