ஞானமுத்து கைபட்ட கத்தரி

பழங்காநத்தத்தில் கத்தரி சாணை பிடிக்கும் ஞானமுத்துவுக்கு மனுஷர் மேல் மரியாதை கிடையாது. கத்தரி மேல் உண்டு. முடிவெட்டும் கத்தரி ஒன்று வந்தால் பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்குவார். கொண்டுவந்த ஆளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கத்தரியைப் பார்த்தே ஆளின் யோக்கியதையைச் சொல்லிவிடுவாராம். பீற்றலுக்கு என்ன குறைச்சல்!

ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறு அலகைத் தூக்கி விடுவார். பாதி வழியில் நின்றால் திருகு சரி. தொபுக்கென்று விழுந்தால் லூசு. அசையாமல் நின்றால், எவனோ முறுக்கித் தொலைத்திருக்கிறான்.

"என்ன எண்ணெய்டா போட்ட? தேங்காயெண்ணெயா? கத்திரியத் தாளிக்கப் போறியா?"

முடிவெட்டும் கத்தரியால் பூ கட்டின நூலை வெட்டிக் கூரைக் கெடுத்தவள், பார்சல் டேப்பை அறுத்தவன், ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடியவன், எல்லாருக்கும் அர்ச்சனை உண்டு. தலைமையாசிரியருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று சொல்லி, மிஷன் பள்ளியில் பார்த்த லேப் உதவியாளர் வேலையை விட்டு வந்த ஆள் இவர். சென்னையில் சாணைத் தொழில் கற்றுக்கொடுத்தவரையும் அரைகுறை என்பார். மனைவி பிலோமினாள் வைக்கிற குழம்பிலிருந்து பங்குச்சாமியார் பிரசங்கம் வரைக்கும் அவர் வாயில் தப்பித்தது எதுவுமில்லை.

"நம்ம கை பட்ட கத்திரி கோளாறுன்னு திரும்பி வந்ததா சரித்திரம் கிடையாது மாப்ள" என்று எதிர்க்கடை டீ மாஸ்டர் மருதுவிடம் தினமும் ஒருதடவையாவது சொல்லிவிடுவார்.

அந்தச் சரித்திரத்தை ஆன்சி கெடுத்தாள்.

ஆன்சி, கே.கே. நகரில் பெண்களுக்கு மட்டும் ஒரு சின்ன பார்லர் நடத்துகிறவள். கத்தரியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது ஊர் நம்பிக்கை. மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இதில் ஊரோடுதான். அவளும் மரியாதையாக வலது கையால் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"முடி வெட்டுப்படாம மடங்குதுண்ணே. கட்டவெரலு வேற வீங்கிப்போகுது."

ஞானமுத்து ஈர டிஷ்யூவை வெட்டிப் பார்த்தார். நுனிவரை சுத்தமாக வெட்டியது.

"பேப்பர் வெட்டுனியா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத."

எதற்கும் இருக்கட்டும் என்று தீட்டிக் கொடுத்தார். மறுபடி வந்தாள். திட்டி அனுப்பினார். மூன்றாம் தடவை அவள் வந்தபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஞானமுத்துவுக்கு மானம் போய்விட்டது.

"கத்திரி ராசா மாதிரி இருக்கு. ஒன் கைதான் வெளங்கல. இந்தக் கைய வச்சுக்கிட்டு எதுக்கு முடி வெட்டுற? புருவத்தத் திருத்திப் பொழப்பப் பாரு."

ஆன்சி கத்தரியை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் பிலோமினாள் பார்லருக்குப் போய்விட்டு வந்து பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள இனிமே முடியே வெட்டப் போறதில்லையாம். வெட்டுற சேரை விக்கப் போகுதாம். கை வெளங்கலன்னு நீங்க சொன்னீங்களாமே? அம்புட்டு அழுக அழுகுது."

மனுஷன் என்றால் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். இவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. பேப்பர் வெட்டுவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் சரித்திரம் பிழைத்துவிடும் அல்லவா! அப்போதே வண்டியை எடுத்தார்.

பெண்கள் பார்லருக்குள் ஆம்பளை போக முடியாது. வாசலில் நின்று திரை இடுக்கில் திருடன் மாதிரிப் பார்த்தார். உள்ளே ஒரு டீச்சரம்மாவுக்கு ஆன்சி முடி வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் சீப்பு. இடது கையில் கத்தரி.

ஞானமுத்து இடுக்கிலிருந்து முகத்தை எடுத்தார்.

வலது கைக்குச் செய்த கத்தரியை இடது கையால் பிடித்தால், அழுத்த அழுத்த அலகுகள் நெருங்காமல் விலகும். இடையில் சிக்கிய முடி மடங்கும். அதைச் சரிக்கட்ட நெளித்து நெளித்தே கட்டைவிரல் வீங்கும். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதல் நாளே அவள் கையில் கொடுத்து 'வெட்டு பார்ப்போம்' என்றிருந்தால் தெரிந்திருக்கும். ஆளைப் பார்த்தால்தானே!

டீச்சரம்மா போனதும் வாசலில் நின்றபடியே கேட்டார். "நீ எடது கையாம்மா?"

"ஆமாண்ணே."

"சொல்ல வேணாமா?"

"எங்க சொல்லவிட்டீங்க? பேப்பர் வெட்டுனியான்னுதான கேட்டீங்க."

"எடது கைக்குன்னு தனிக் கத்திரி இருக்கு தாயி. இதுல எடது கைக்காரன் எவன் வெட்டுனாலும் மடங்கத்தான் செய்யும்."

ஆன்சி வீங்கிய விரலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்ப என் கை நல்ல கைதானா?"

ஊரையே நாக்கால் அறுத்த ஆள் தலையை மட்டும் ஆட்டினார்.

"சேரை நான் விக்கல. எடது கைக் கத்திரி ஒண்ணு நீங்களே தேடிக் கொண்டாங்க. இத எடுத்துட்டுப் போங்க."

பக்கத்திலேயே மேசை இருந்தது. அவள் அதில் வைக்கவில்லை. இடது கையாலேயே கத்தரியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

ஞானமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.