தேன் வாசனை என்றார் அத்தான்

என் அத்தானை, அதாவது அக்காவின் கணவரை, ஹோட்டலில் எல்லோரும் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒயின் ஊற்றுவது அவர் வேலை. மற்ற ஒயின்களைத் தாராளமாக ஊற்றுகிறவர், இனிப்பு ஒயின் என்று வந்தால் சின்னக் கோப்பையில் பாதிகூட நிரப்ப மாட்டார். "கொஞ்சமா இருந்தாதான் மணம் தங்க இடம் இருக்கும்" என்பார்.

அதே ஹோட்டலில் கேக்கும் புட்டிங்கும் செய்கிறவள் நான். "இனிப்பு ஒயினா? சர்பத்னு சொல்லுங்க" என யாராவது முகத்தைச் சுளித்தால் போதும், மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவார். "சர்க்கரையை மட்டும் பாக்காதீங்க. முழுங்கினப்புறம் ஒரு புளிப்பு வந்து நாக்கைக் கழுவிட்டுப் போகுதா, அது நல்ல ஒயின். வாயில பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா அது வெறும் பாகு." என்னையும் விட்டுவைக்க மாட்டார். ஒயினைவிடக் கேக் இனித்தால் ஒயின் நாக்குக்குப் புளிக்குமாம். "உன் சர்க்கரைக் கையைக் கொஞ்சம் அடக்கு தாயே" என்று கும்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ருசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. போகும்போது அத்தானின் மூக்கையும் கொண்டுபோனது. "நரம்பு போச்சு, பழகிக்கோங்க" என்றார் டாக்டர். நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் தெரிந்தன, அவ்வளவுதான். வேண்டுமென்றே பூஞ்சை பிடிக்கவிட்டுச் சுருங்கிய திராட்சையில் செய்த ஒயினில் தேன் மணக்கும், உலர்ந்த ஆப்ரிகாட் பழம் மணக்கும் என்று வாய் ஓயாமல் பேசியவருக்கு இனி எல்லாமே சர்க்கரைத் தண்ணீர். என்ன கொடுமை இது!

தெரிந்தால் வேலை போய்விடும் என்று வெளியே மூச்சு விடவில்லை. பாட்டிலைத் திறந்ததும் ஊற்றுகிறவர் முதலில் தானே முகர்ந்து பார்ப்பது அங்கே வழக்கம். பாட்டிலை அடைக்கும் கார்க் கெட்டிருந்தால் ஒயினில் ஈரச்சாக்கு நாற்றம் அடிக்கும். அதனால் திறந்த பாட்டிலோடு முதலில் சமையலறையில் நான் கேக் செய்யும் மேடைக்கு வருவார். நான் முகர்ந்து தலையாட்டினால் கூடத்துக்குப் போவார். மணங்களையெல்லாம் ஞாபகத்திலிருந்து ஒப்பிப்பார். 

ஒரு மதியம் அவர் மேடைக்கு வரவில்லை. கதவருகிலேயே கோப்பையோடு நின்று, "வாசனை வருதும்மா! தேன்... நல்லாத் தெரியுது!" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் தலைகால் புரியவில்லை. "கொண்டாங்க, நானும் பாக்குறேன்" என்று மாவுக் கையோடு நகர்வதற்குள் கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். பழைய அத்தானேதான். கதவிடுக்கு வழியே பார்த்தேன், மேலாளரும் விருந்தினர்களோடு உட்கார்ந்திருந்தார். முதல் மடக்கிலேயே ஓர் அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளர் தன் கோப்பையை முகர்ந்தார், அத்தானை நிமிர்ந்து பார்த்தார், கோப்பையைத் தள்ளி வைத்தார்.

அத்தான் பாட்டிலும் கோப்பையுமாக உள்ளே வந்தார். பாட்டிலை வாங்கி முகர்ந்தேன். மழையில் நனைந்த சாக்கேதான்.

"உண்மையைச் சொல்லு. தேன் இல்லையா?"

"இல்ல அத்தான்."

"துளிகூட?"

அவர் கோப்பையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார்.

"எனக்கு இப்பவும் தேன்தான் வருது" என்றார்.

இப்போது காலைச் சிற்றுண்டி நேரத்தில் ஜூஸ் ஊற்றுகிறார். அங்கேயும் சில நாள் இல்லாத தேன் மணக்கிறதாம். வேலையை விட்டுத் தூக்காமல் வைத்திருக்கும் மேலாளர் நல்லவர் என்று அக்கா சொல்கிறாள். நல்லவராம்! என் வாயைக் கிளறாதே என்றேன்.

போன வாரம் அக்கா அவருக்குப் பிடித்த இனிப்பு ஒயினில் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள், ருசியாவது தெரியட்டும் என்று. சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். அவர் ஒரு கையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு கோப்பையை வாயில் வைத்தார்.

"என்னங்க இது, மருந்து குடிக்கிற சின்னப் பிள்ளை மாதிரி?" என்றாள் அக்கா.

"வாசனை வந்துடுமோன்னு பயமா இருக்கு" என்றார்.