ஜான் பீட்டர் கரைத்த சேறு

ஜான் பீட்டரை எங்கள் ராயப்பன்பட்டியில் ‘சேறு இன்ஜினியர்’ என்றுதான் கூப்பிடுவோம். கெமிஸ்ட்ரி படித்தவன், வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் சேறு கரைக்கிறான் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவன் கோபப்படாமல் விளக்குவான். துளை போடும்போது சுவர் சரியக் கூடாது. கீழே இருக்கும் எண்ணெயும் வாயுவும் நினைத்த நேரத்தில் பொங்கிவிடக் கூடாது. அதற்குத் தண்ணீரில் களிமண் பொடி, உப்பு, பசை, கனம் கூட்டும் கல்மாவு எல்லாம் அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும். இருபது வருடத்தில் ஒரு கிணறுகூட அவன் கையில் சரிந்ததில்லை.

இந்தச் சித்திரையில் அவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தங்கை செலினின் திராட்சைத் தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய போர் வற்றிவிட்டது. பந்தலில் கொத்துக் கொத்தாய்க் காய். இன்னும் இருபது நாள் தண்ணீர் கிடைத்தால் அறுப்பு. புருஷனை இழந்தவளுக்கு அந்த ஒரு ஏக்கரை விட்டால் வேறு கதி இல்லை.

எழுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியது. மூன்று இஞ்சுக் குழாய் நிறைகிற அளவு! செலின் நனைந்துகொண்டே சிலுவை போட்டாள். அரை மணி நேரம் ஆகவில்லை, ஐந்நூறாவது அடியில் இருந்த மண் அடுக்கு சரிந்து துளையை மூடிவிட்டது.

போர் வண்டிக்காரர் முத்துக்குமரன் கையை விரித்தார். “காத்தடிச்சுத் தோண்டுற வண்டி சார் இது, சேறு விட்டுத் தோண்டுறது இல்ல. தோண்டத் தோண்டச் சரியுது, பைப்ப இறக்க விட மாட்டேங்குது.”

செலின் அண்ணனைப் பார்த்தாள். “நீங்க இருக்கையில எனக்கென்னண்ணே கவல?”

அவன் தயங்கினான். “சேறு சுவர நிறுத்திரும் தாயி. ஆனா ஊத்துக் கண்ணையும் சேத்து அடச்சுப்புடும். அங்கன எங்களுக்கு அதுதான் வேணும், இங்கன அது ஆகாது. பெறகு தானாக் கரையுற பசையா இருந்தாத்தான் சரி.”

அந்தப் பசைக்காகத் தேனி, மதுரை என்று இரண்டு நாள் அலைந்தான். பாலம் கட்டுகிறவர்களிடம் களிமண் பொடிதான் கிடைத்தது. வண்டி அதற்கு மேல் காத்திருக்காது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அவனைத் தள்ளினோம்.

கரைத்தான். பம்பு வைத்துத் துளைக்குள் சுற்றவிட்டுக்கொண்டே, சரிந்த மண்ணை மறுபடி தோண்ட வைத்தான். சுவர் அசையவில்லை, அடிவரை பைப் இறங்கியது. நான் கைதட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை ஒடிக்கத் தோன்றுகிறது.

பிறகு சேற்றை வெளியே தள்ளக் காற்றடித்தார்கள். சாம்பல் நிறச் சேறு வந்தது, கலங்கல் வந்தது, அதன்பின் வெறும் காற்று. களிமண்ணைக் கலைக்கும் உப்பை ஊற்றி மறுபடி அடித்தார்கள். அப்போதும் காற்றுதான்.

“கீழ தண்ணி இருக்கு. எங்கன அடச்சிருக்குன்னுகூட எனக்குத் தெரியும்,” என்று முனகிக்கொண்டே இருந்தான். தெரிந்து என்ன செய்ய? மூன்றாம் முறையும் பார்த்துவிட்டு முத்துக்குமரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

செலின் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பந்தலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் வந்தாள்.

“கொடிய வெட்டிப் போட்டுருவமா, லாரித் தண்ணி விட்டுப் பாப்பமாண்ணே? நீங்க சொல்றபடி செய்றேன்.”

இவ்வளவுக்குப் பிறகும் அவள் அவனைத்தான் கேட்டாள். ஜான் பீட்டர் சேறு காய்ந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

“எனக்குத் தெரியல தாயி,” என்றான்.