ஆயிரத்துப் பத்து காட்டிய நீரமானி

1. சுழி

தரம் பத்துச் செய்முறை மதிப்பீட்டு நாளன்று, வலயக் கல்விக் கந்தோரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் ஜெனிற்றாவின் தாளில் சுழி போடுவதற்காகச் சிவப்புப் பேனையைத் திறந்தார். மன்னார்த் தீவிலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் பௌதிகவியல் ஆசிரியர், ஆய்வுகூடப் பொறுப்பாளர், படிவங்கள் அனைத்தையும் மனப்பாடமாக அறிந்தவன்.

பரிசோதனை மிக எளியது. முகவையில் தண்ணீர் எடு, நீரமானியை மிதக்க விடு, தண்ணீர் மட்டத்தில் உள்ள எண்ணை வாசி. அதுதான் அடர்த்தி. பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொரு பேர் 1000 என்று எழுதியிருந்தார்கள். ஜெனிற்றா எழுதியது 1010. முதல் பரிசோதனை நடந்த அன்று அவள் காய்ச்சலில் கிடந்தவள். இதிலும் சுழி விழுந்தால் செய்முறையில் சித்தியடையமாட்டாள்.

"பிள்ளை, தண்ணியின்ர அடர்த்தி என்ன?" என்றார் பரீட்சகர்.

"எந்தத் தண்ணி சேர்?"

"தண்ணியில என்ன எந்தத் தண்ணி? புத்தகத்தில கிடக்கிற தண்ணி."

"இது புத்தகத்துத் தண்ணி இல்லை சேர், எங்கட பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணி. நான் மூண்டு தரம் வாசிச்சனான்."

பரீட்சகர் என்னைப் பார்த்தார். நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன். காரணம் இருந்தது. எங்கள் நீரமானிகள் தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டும். "கருவி பழசு, ஆயிரம் எண்டு எழுதுங்கோ" என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்தவன் நான். ஒவ்வொரு தாளிலும் 'வாசிப்பு சரிபார்க்கப்பட்டது' என்ற வரியின் கீழ் முந்தின நாளே கையெழுத்தும் வைத்திருந்தேன். விதிமுறை தெரிந்தவனுக்குத்தான் அதை எங்கே வளைக்கலாம் என்பதும் தெரியும்.

2. போத்தல்

"கருவி பிழை போல" என்றார் பரீட்சகர்.

"பிழையோ சரியோ எண்டு பாக்கலாம் சேர். உங்கட குடிதண்ணிப் போத்தலைத் தாங்கோ" என்றாள் ஜெனிற்றா.

"அது நான் குடிக்கிறதுக்கு."

"அதாலதான் கேக்கிறன் சேர். இந்தக் கிணத்துத் தண்ணியை ஒருதரும் குடிக்கிறேல்லை. எங்கட அப்பான்ர வள்ளம் கடலில நிக்கிறதை விட, மாரி மழைக்கு ஆத்துவாயில நல்ல தண்ணி வரேக்க கொஞ்சம் தாழ்ந்துதான் நிக்கும். உப்புத் தண்ணிக்குத் தூக்கிற பெலன் கூட."

பின்வரிசையில் ஒருத்தி, "சேருக்கு விடாய்க்கப் போகுதடி" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பரீட்சகர் போத்தலை நீட்டினார்.

அவள் வேறொரு முகவையில் அதை ஊற்றி, நீரமானியை விட்டாள். அது தாழ்ந்து, ஆடி, ஆயிரத்தில் நின்றது. எடுத்துத் துடைத்துக் கிணற்றுத் தண்ணீரில் விட்டாள். எழும்பி ஆயிரத்துப் பத்தில் நின்றது. பரீட்சகர் குனிந்து வாசித்தார். நானும் குனிந்தேன். அத்தனை வருடத்தில் அன்றுதான் அதைக் கண் மட்டத்தில் வைத்து வாசித்தேன்.

பிழையான வாசிப்புக் காட்டுகின்றன என்று படிவம் நிரப்பி, கழிவுப் பொருளாக்கி நான் உடைப்பித்த இரண்டு நல்ல நீரமானிகள் ஞாபகத்துக்கு வந்தன. படிவங்களில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

3. கையெழுத்து

"அப்ப மற்றப் பதினொரு பேரும் பிழை" என்றார் பரீட்சகர். "எல்லாத்துக்கும் நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள், மாஸ்டர்."

வாயை மூடிக்கொண்டிருந்தால், 'விடைக்குறிப்பின்படி 1000' என்று எழுதிவிட்டு அவர் போய்விடுவார்; ஜெனிற்றா மட்டும் தோற்பாள். எனக்கு ஒரு விதி தெரியும்: மேற்பார்வையில் தவறு என்று ஆசிரியர் எழுத்தில் தந்தால், அன்றைய பரீட்சை நேரத்துக்குள்ளேயே எல்லோரும் மீள வாசிக்கலாம். அப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் எவரையும் நான் அறியேன். எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரதிகள்.

ஜெனிற்றாவின் 1010-க்குப் பக்கத்தில் பரீட்சகர் சரி போட்டார். அவள் சித்தியடைந்தாள். மற்றவர்கள் நீரமானியைச் சுற்றி முட்டி மோதி வாசித்துத் திருத்தினார்கள். முன்வரிசை அன்ரன் மட்டும் 1000-ஐ மாற்றவில்லை.

"ஏன் தம்பி, நீர் வாசிக்கேல்லையோ?" என்று பரீட்சகர் கேட்டார்.

"வாசிச்சனான் சேர். ஆயிரத்துப் பத்துத்தான் காட்டுது. ஆனால் எங்கட சேர் ஆயிரம் எண்டு எழுதச் சொன்னவர்."

அந்தப் பரிசோதனையில் புள்ளி இழந்தவன் அவன் ஒருவன்தான். புதிதாக ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களே, குறும்பு செய்யும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிற பிள்ளைக்காக, சொல்வதற்கு முன் ஒருதரம் குனிந்து வாசியுங்கள்.