பார் வாசலில் அப்பாவின் லோடு வேன்

மெனு கார்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு எழுத்தும் தெரியவில்லை... அவ்வளவு இருட்டு. சிவப்பு பல்பு, எலும்பு வரைக்கும் ஏறுகிற ஏசி, வறுத்த நெத்திலியும் ரூம் ஸ்ப்ரேயும் கலந்த ஒரு வாசம்.

மதுரை ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜின் மாடி. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு பாருக்குள் உட்கார்ந்தது அங்கேதான். அப்போது இருபத்திரண்டு வயது.

என் பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நாளைக்கு எடுத்துப் போக வேண்டிய பை பாதி மூடாமல் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் கம்பெனி. இன்டர்வியூவில் வாய் சும்மா இருக்காமல், "மதுரையில எனக்குத் தெரியாத இடமே இல்ல சார்" என்று சொல்லி வைத்திருந்தேன். மூன்றாவது மாதமே பெங்களூரிலிருந்து நந்தினி மேடமும் இரண்டு பேரும் ஒரு வார வேலையாக இங்கே வந்தார்கள். தினமும் சாப்பாட்டுக்கு நல்ல இடம், கடைசி நாள் ஒரு நல்ல பார்... எல்லாம் என் பொறுப்பு. ப்ரொபேஷன் முடிந்து என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்லப்போவதும் அதே மேடம்தான்.

மதுரை ஓரத்து வில்லாபுரத்துப் பெண்ணுக்கு என்ன தெரியும்? ஹோட்டல் சாப்பாடு என்றால் எங்கள் வீட்டில் அப்பா வாங்கி வரும் பரோட்டா பார்சல். கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

முதல் நாள் இன்டர்நெட்டில் நட்சத்திரம் எண்ணி ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனேன். மேடம் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "மதுரைக்கு வந்து பன்னீர் பட்டர் மசாலாவா? இது எங்க ஆபீஸ் கீழயே கிடைக்குதே."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா லோடு வேன் ஓட்டுபவர். ஊருக்குள் அவர் சரக்கு இறக்காத தெரு கிடையாது.

"எங்க சாப்பாடு நல்லாருக்கும்ப்பா?"

"எத்தன மணிக்கு?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. "பிரியாணின்னா கோரிப்பாளையம். ஒரு மணிக்குள்ள போயிரணும், ரெண்டு மணிக்கு அண்டாவச் சுரண்டிக்கிட்டு இருப்பாய்ங்க. கறி தோசையா... ஏழு மணிக்கு மேல போ தாயி, அதுக்கு முன்னாடி கல்லு சூடு ஏறியிருக்காது."

எழுதிக்கொண்டே வந்தவள், மெதுவாக, "அப்பா... பாரு?" என்றேன்.

அடுப்படியில் மிக்சி நின்றது.

எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத வார்த்தை அது. அப்பா குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவர் வீடு திரும்பப் பத்து நிமிஷம் பிந்தினாலும் அம்மா வாசலில் போய் நின்றுவிடுவார்.

"எனக்கென்ன தெரியும்" என்று டிவியைப் பார்த்தார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜு இருக்கு. மாடிக்குப் போ. ஏசி. பொம்பளைங்க வந்தா ஓரத்துல தனியா இடம் குடுப்பான். கீழ இருக்கதுக்குப் போயிராத" என்றார்.

"உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"லோடு எறக்கப் போனப்ப பாத்தேன்."

அடுப்படியிலிருந்து அம்மா: "மாடிக்கு என்னத்த லோடு எறக்குனீக?"

சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளே ஒரு முள்... இன்னும் போகிறாரோ?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். "திரும்பி வர நேரமாகும்ல... நான் வண்டியோட வெளியவே நிக்கிறேன்" என்று அப்பாவே கொண்டுவந்து விட்டார்.

மேடம் பீர், நான் லைம் சோடா. நெத்திலி வறுவலை இரண்டாவது தட்டு கேட்டார் மேடம். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் கண் கதவிலேயே இருந்தது, அப்பா வந்துவிடுவாரோ என்று.

தலை நரைத்த சப்ளையர் ஒருவர் என் பக்கம் குனிந்தார். "கீழ வேன்ல இருக்காரே அண்ணன், அவரு மகளா நீங்க? அந்த ஓரத்து டேபிள்தான் அவருக்கு. நாலு வருஷமா ஆளையே காணோம். இப்ப ஐஸ் வாங்கப் போனப்ப பாத்துட்டு, மேல வாங்கண்ணேன்னு எம்புட்டோ கூப்பிட்டேன். எம்மக உள்ள இருக்கு, பாத்துக்கன்னு மட்டும் சொல்றாரு."

நாலு வருஷம். அவர் குடியை விட்டதாகச் சொன்ன அதே கணக்கு.

முள் போனது. அதே நொடியில் இன்னொன்று உறைத்தது. விட்டுவிட்டு வந்த மனிதரை, அதே வாசலில் இரண்டு மணி நேரமாக உட்கார வைத்திருப்பது நான்தான்.

இறங்கி வந்தபோது வேனில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். மடியெல்லாம் தோல்.

"அந்த அண்ணே உங்கள மேல கூப்பிட்டாராமே. வந்து ஒரு சோடாவாவது குடிச்சிருக்கலாம்லப்பா."

"உள்ள வந்தா அப்பறம் வண்டிய யாரு ஓட்டுறது?"

சாவியைத் திருப்பினார்.

வீட்டு வாசலில் அம்மா. அப்பாவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்று ஒரு மூச்சு இழுத்தார். கடலை வாசம்தான் வந்திருக்கும். தட்டை எடுத்து வைத்தார்.

வேலை நிலைத்தது. அந்த வேலையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

நாளைக்குக் கோயம்புத்தூர். பிரசவத்துக்குப் பிறகு முதல் ட்ரிப், இரண்டு நாள். எங்கே சாப்பிடலாம் என்று டீம் க்ரூப்பில் லிங்க்காக வந்து விழுகிறது... போட்டோ, நட்சத்திரம், வழி எல்லாம் இருக்கிறது. எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மட்டும் எந்த லிங்க்கும் சொல்லவில்லை.

பாப்பா வில்லாபுரத்தில் அப்பா அம்மாவிடம் இருப்பாள். பால் நேரம், மருந்து, எந்தப் போர்வை இல்லாமல் தூங்கமாட்டாள்... ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பா கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார்.

"என்னையத் தேடி ராத்திரி அழுதாள்னா என்னப்பா பண்ணுவீங்க?"

"வேன்ல தூக்கிப் போட்டு அங்க வந்துருவேன். நீ உன் வேலையப் பாரு. உள்ள வரமாட்டேன், வாசல்லயே நிப்பேன்."

பையை மூடிவிட்டுப் படுக்க வேண்டும்.